மலைகளுக்கு அப்பால் ஒரு படக்கலைஞர்



போர்த்துகல் என்றவுடன், 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய கப்பற்படையே நம் நினைவுக்கு வரும். அந்நாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பாடுபட்டு உழைக்கும் ஏழைகளின் முகம். அதனைத் திரையில் காட்டியவர்களுள் ஒருவர் அந்தோனியோ ரெய்ஸ்.

1927இல் போர்த்தோ நகருக்கு அருகில் பிறந்த ரெய்ஸ் ஒரு கவிஞர். மனுவேல் டி ஒலிவெய்ரா என்ற பெரிய இயக்குநரின் படமொன்றில் உதவியாளராகத் தொழில் பழகினார். 1963இல் வெளிவந்த அப்படத்தில், கிராமத்து மக்களே இயேசுநாதரின் பாடுகளை நடித்துக் காட்டினார்கள்.

போர்த்துகலில் 48 ஆண்டுகள் நீடித்த சர்வாதிகார ஆட்சி 1974 ஏப்ரல் 25ஆம் நாள் வீழ்ந்தது. அதே ஆண்டில் ரெய்ஸின் ‘ஜைமே’ என்னும் குறும்படம் வெளிவந்தது. ஜைமே யார்? மன்னரா, தளபதியா? இல்லை. அவர் ஒரு விவசாயத் தொழிலாளி. மனநோய் கண்டு லிஸ்பன் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்து, 1969இல் இறந்தவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் பேனாவால் ஓவியங்கள் வரைந்தார். ஊரார் மறந்துவிட்ட அந்த மனிதரின் ஓவியங்களை ரெய்ஸ் உலகுக்குக் காட்டினார்.

அவருடைய மனைவி மார்கரிடா கொர்டெய்ரோ மனநல மருத்துவர். வடகிழக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவர். ‘மலைகளுக்கு அப்பால்’ என்று பொருள்படும் அப்பகுதியின் பெயரையே தலைப்பாக வைத்து, இருவரும் 1976இல் ஒரு படம் எடுத்தனர். அதில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. தொடர்ச்சியான கதையும் இல்லை. ஊர் மக்களே தோன்றுகிறார்கள். அன்றாட வேலை, பழங்கதை, பிழைப்புக்காக வெளிநாடு சென்றவர்களின் நினைவு எல்லாம் கலந்து வருகின்றன. அங்கு வழங்கும் மிராண்டேஸ் மொழியும் படத்தில் ஒலிக்கிறது. அம்மொழிக்குச் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது 1999இல்தான்!

1982இல் எடுத்த ‘அனா’ என்ற படத்தில் மார்கரிடாவின் தாயாரே நடித்தார். 1989இல் ‘மணல் ரோஜா’ வந்தது. இருவரும் சேர்ந்து இயக்கிய படங்கள் இம்மூன்றுதான். ரெய்ஸ் லிஸ்பன் திரைப்படப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பெத்ரோ கோஸ்தா அவருடைய மாணவரே. ரெய்ஸ் 1991இல் காலமானார்.

நேயர்களே, அரசர்களின் போர்களை மட்டும் வரலாறு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மண்ணில் உழைத்தவர்களின் பேச்சும் நினைவும் வரலாறுதான். கேட்டு எழுதி வைக்க ஆளில்லாவிட்டால் அவை முதியவர்களோடு மறைந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே உட்கார்ந்து கேட்போம்.