உறங்கியவர் தொடுத்த வழக்கு

குடல்வாலை அகற்றும் அறுவையில் கோளாறு நேர்ந்தால் அது வயிற்றில்தான் நேரும் என்று நாம் எண்ணுவோம்: புண்ணில் சீழ், உள்ளே கட்டி, குடல் ஒட்டிக்கொள்ளுதல். ஆனால் சட்ட மாணவர்கள் இன்றும் பயிலும் ஒரு வழக்கில், குடல்வாலை அகற்றிக்கொண்டவர் இழந்தது வலது தோளின் வலிமையை.

1939 அக்டோபர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். மயக்க மருந்து அளிப்பவர் நோயாளியை மேசையின் தலைப்பக்கம் இழுத்துச் சாய்த்தபோது, கழுத்துக்குச் சற்றுக் கீழே, தோள்களின் மேற்புறத்தில் கடினமான இரு பொருட்கள் உறுத்தின. பின்னர் நினைவு தப்பியது. மறுநாள் அதிகாலை விழித்தபோது கழுத்துக்கும் வலது தோளுக்கும் இடையே கடும் வலி. வீடு திரும்பிய பின் கையைத் தூக்கவோ சுழற்றவோ இயலவில்லை. தோள்தசைகள் செயலிழந்து சூம்பின.

விழித்திருப்பவர் நரம்பு அழுந்தினால் புரண்டு படுப்பார். மயக்கத்தில் கிடப்பவருக்கு அந்தத் தற்காப்பு இல்லை. நடந்ததைச் சொல்லும் வாய்ப்பும் இல்லை.

நோயைக் கண்டறிந்த மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்க மருந்து அளித்தவர், மருத்துவமனை உரிமையாளர், செவிலியர் என அனைவர்மீதும் அவர் வழக்குத் தொடுத்தார். அழுத்தத்தாலோ இழுப்பாலோ நேர்ந்த காயமே இது என்றது மருத்துவச் சாட்சியம். யார், எக்கருவியால் இதைச் செய்தார் என்று வாதி காட்டவில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

'இபாரா எதிர் ஸ்பாங்கார்ட்' எனப்படும் அவ்வழக்கில், 1944 டிசம்பரில் தலைமை நீதிபதி ஃபில் கிப்சன் எழுதிய தீர்ப்பின் வழியாக மாநில உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. அதற்குத் துணைநின்றது, நிகழ்வே தன்னைப் பற்றிப் பேசும் என்ற பொருளுடைய பழைய லத்தீன் கோட்பாடு. லிவர்பூலில் மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் ஒருவர்மேல் விழுந்த வழக்கில், 1863இல் ஆங்கில நீதிமன்றம் ஆண்ட கோட்பாடு அது. பீப்பாய் ஒரே கடைக்காரரின் பொறுப்பில் இருந்தது. இங்கோ பொறுப்பாளர் பலர். எனினும், நினைவிழந்தவரைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர்களே விளக்கம் தரவேண்டும் என்றது நீதிமன்றம்.

மறுவிசாரணையில் உரிமையாளர் நீங்கலாக அனைவரும் சாட்சியளித்தனர். காயம் விளைவிக்கக்கூடிய எதையும் தாம் காணவில்லை என்றே ஒவ்வொருவரும் கூறினர். நீதிபதி அதனை ஏற்காமல் அனைவர்மீதும் பொறுப்பைச் சுமத்தினார். 1949இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

இத்தீர்ப்பு நம்மை முழுதும் நிம்மதியாக விடுவதில்லை. எந்தத் தவறும் செய்யாத, எதையும் காணாத ஒரு செவிலியும் அவர்களுள் இருந்திருக்கலாம். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றுவழி என்ன? நினைவற்றுக் கிடந்தவரிடம் சாட்சியம் கேட்டு, அவரால் தர இயலாதபோது வெறுங்கையுடன் அனுப்புவது. இரு அநீதிகளுள் ஒன்றைத் தவிர்க்க முடியாத நிலையில், சூம்பிய தோளுடன் நின்றவர் பக்கம் சாய்ந்தது அந்நீதிமன்றம். நாமும் தயங்கியபடியே அப்பக்கம் சாய்கிறோம்.