எசேக்கியாவின் வாய்க்காலும் எதிரியின் மெய்க்கீர்த்தியும்

வேதாகமத் தொல்லியல் என்று சபையில் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பவை வாட்ஸ்அப் படங்கள்தான். அரராத் மலையில் நோவாவின் பேழை, செங்கடலின் அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரம். முறையான அகழாய்வு அறிக்கை எதுவும் இவற்றுக்குப் பின்னால் இல்லை. விசுவாசத்துக்குத் துணை என்று நம்பி நாம் அனுப்பும் படம், நாலு கேள்வி கேட்கத் தெரிந்த கல்லூரி மாணவன் முன்னால் நம்மையே தலைகுனிய வைக்கும். இத்தனைக்கும் அதற்குத் தேவையே இல்லை. எருசலேமில் முழங்கால் தண்ணீரில் இறங்கி இன்றும் நடந்து பார்க்கக்கூடிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது.

எசேக்கியா ராஜா நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்ததை இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் 20ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. அது கீகோன் ஊற்றின் தண்ணீர் என்ற விவரத்தை இரண்டாம் நாளாகமம் 32 தருகிறது. அசீரியப் படை வந்து முற்றுகையிட்டால் மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாது, உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க வேத அறிஞர், நண்பர் எலி ஸ்மித்துடன் அந்தத் தண்ணீருக்காகப் பாறையில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, சில இடங்களில் தவழ்ந்தே சென்று அளந்தார். நீளம் 1750 அடி, அதாவது சுமார் 533 மீட்டர். ஆனால் சுவரில் இருந்த எழுத்து அவர் கண்ணில் படவில்லை. 1880இல் தண்ணீரில் விளையாடப் போன பள்ளிச் சிறுவன் ஒருவன்தான் சுரங்கம் முடியும் சீலோவாம் குளத்து வாசலுக்குச் சில மீட்டர் உள்ளே அதைக் கண்டான். பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரிகள்.

அந்த ஆறு வரிகள் சொல்வது சுரங்கம் சந்தித்த கதையை. இரண்டு குழுக்கள் எதிரெதிர் முனையிலிருந்து பாறையைக் குடைந்து வருகின்றன. இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் இந்தப் பக்கம் கேட்கிறது. கடைசி நாளில் குந்தாலியும் குந்தாலியும் எதிர்ப்படுகின்றன. ஊற்றிலிருந்து குளம் வரை 1200 முழம் தண்ணீர் ஓடுகிறது. வேலையாட்களின் தலைக்கு மேலே பாறை 100 முழம். சந்தித்த இடத்துக்குப் பக்கத்தில் வழி தவறிக் குடைந்துவிட்டுப் பாதியில் கைவிட்ட பொந்துகளை இன்றும் பார்க்கலாம். சுவரில் கொத்திய தடங்கள் அங்கேதான் திசை மாறுகின்றன. 2003இல் வெளியான ஆய்வு, பூச்சுக்காரையில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியது. கிடைத்த காலம் கி.மு. 700ஐ ஒட்டியது.

இனி எதிரியின் பக்கம். அசீரிய ராஜா சனகெரிப் தன் கி.மு. 701 படையெடுப்பைச் சுடுமண் பட்டகங்களில் எழுதிவைத்தான். அவற்றில் ஒன்று 1830இல் நினிவேயில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த நடை புதிதல்ல. வென்றது விரிவாக வரும், வெல்லாதது வராது. யூதாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்தேன் என்கிறான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்துவைத்தேன் என்கிறான். பிடித்தேன் என்ற சொல் மட்டும் எருசலேமுக்கு இல்லை.

கப்பக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் இராஜாக்கள் 18 சொல்வது பொன் 30 தாலந்து, வெள்ளி 300. பட்டகத்தில் பொன் அதே 30, வெள்ளி 800. இந்த வித்தியாசத்தைச் சமாதானப்படுத்தப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டும் அச்சாக ஒத்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும். எதிரெதிர் அரண்மனைகளின் எழுத்தர்கள் ஒரே கணக்கேட்டைப் பார்த்து எழுத மாட்டார்கள். இன்னொன்று: தங்கள் நல்ல ராஜா ஆலயக் கதவுகளின் பொன்னைப் பெயர்த்துக் கொடுத்த அவமானத்தை வேதம் மறைக்கவில்லை. மெய்க்கீர்த்தி எழுதுகிறவன் கை அந்த இடத்தில் நின்றிருக்கும்.

எசேக்கியா பணிந்து ஆளனுப்பியது யூதாவின் நகரமான லாகீசுக்கு என்கிறது வேதம். சனகெரிப் அங்கே ஏன் இருந்தான் என்பதற்குப் பதில் அவன் அரண்மனைச் சுவரிலேயே இருந்தது. 1840களில் அகழாய்வாளர் லேயார்டு நினிவேயில் தோண்டியெடுத்த புடைப்புச் சிற்பங்களில் லாகீஸ் முற்றுகை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. மதில்மேல் ஏறும் சரிவுப்பாதை, மூட்டையோடு வெளியேறும் குடும்பங்கள், சிம்மாசனத்தில் சனகெரிப். அந்தச் சரிவுப்பாதையின் கற்குவியல் லாகீஸ் மேட்டில் இன்றும் கிடக்கிறது.

கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் அசீரியப் படையில் 1,85,000 பேரைச் சங்கரித்ததை எந்த மண்வெட்டியும் தோண்டி எடுக்காது. எடுக்கும் என்று மேடையில் சொல்கிறவரோடு எனக்கு உடன்பாடில்லை. எரிகோவில் பட்ட பாடு நினைவிருக்க வேண்டும். 1930களில் தொல்லியலாளர் கார்ஸ்டாங், யோசுவா இடித்த மதிலைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். 1950களில் கேத்லீன் கென்யன் தோண்டியபோது அந்த மதில் யோசுவாவின் காலத்துக்கும் பல நூற்றாண்டு முந்தையது என்று தெரிந்தது. ஒரு மதிலில் விசுவாசத்தைச் சாய்த்துவைத்தவர்கள் திண்டாடினார்கள். எசேக்கியா விஷயத்தில் நாம் சாய்வது ஒரு மதிலில் அல்ல. வேதத்துக்குச் சாட்சி சொல்லும் எண்ணமே இல்லாத கல்வெட்டிய கூலியாளும், பெருமையடித்த பகைவனும், சிற்பியும் தனித்தனியே பேசுகிறார்கள்.

2015இல் இந்தச் சாட்சிகளோடு விரல்நுனி அளவுக் களிமண் துண்டு ஒன்றும் சேர்ந்தது. எருசலேமின் ஓபேல் பகுதியில் தொல்லியலாளர் ஏலாத் மசார் நடத்திய அகழாய்வில் எடுத்த பழைய குப்பை மண்ணைத் தண்ணீர்விட்டுச் சலித்தபோது கிடைத்த முத்திரைப் பதிவு அது. ஆகாசின் குமாரனும் யூதாவின் ராஜாவுமான எசேக்கியாவுக்கு உரியது என்று எழுதியிருக்கிறது. எழுத்தின் நடுவே சிறகு விரித்த சூரியன், பக்கத்தில் எகிப்தியரின் உயிர்ச் சின்னம். மேடைகளைத் தகர்த்து வெண்கலச் சர்ப்பத்தையே உடைத்த ராஜாவின் முத்திரையில் இது என்ன வேலை என்று நாம் நெளியலாம். எகிப்தை நம்பாதே என்று ஏசாயா திரும்பத் திரும்பக் கண்டித்தது எந்த அரண்மனையின் காதில் விழ வேண்டும் என்பதற்காக என்று இதைப் பார்த்தபின் கேட்கத் தேவையில்லை.

சுரங்கத்து எழுத்தைப் பிற்பாடு யாரோ பெயர்த்தெடுக்க, கல் உடைந்து, ஒட்டப்பட்டு, இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. அதில் எசேக்கியாவின் பெயர் இல்லை; எந்த ராஜாவின் பெயரும் இல்லை. எழுதுவதற்காக வழவழப்பாகச் செதுக்கிய பரப்பின் கீழ்ப்பாதியில்தான் வேலையாட்களின் கதை. மேல்பாதி வெறும் பாறையாகவே விடப்பட்டிருந்தது.