கிழக்கிந்தியத் தோல்

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு, சாயமோ மெருகோ ஏற்றாமல், சென்னைத் துறைமுகத்திலிருந்து மூலப்பொருளாக வெளிநாடு சென்ற மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இப்பெயர் பெற்றன. வணிகர் வழக்கில் 'ஈ.ஐ. தோல்'. சிற்றுடல் கொண்ட நம் நாட்டு மாட்டின் தோலை லண்டன் சந்தை 'கிப்' என்றது. வாங்கியவர்கள் அதை மறுபடி பதனிட்டுச் சாயமேற்றிக் காலணியின் மேல்தோலாக்கினார்கள்.

தொடக்கம் பற்றிய செய்திகள் குறைவு. புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் 1840களில் சென்னையில் பதனிடும் முறையைச் சீர்படுத்தினார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆவாரம்பட்டையால் பதனிடுவது அதற்கு முன்பே உள்ளூர்த் தோல்தொழிலாளர் அறிந்த வித்தை. ஆகவே தொழில் அவரால் பிறந்தது என்பதைவிட, ஏற்றுமதித் தரத்துக்கு உயர்ந்தது என்பதே பொருந்தும்.

தோல் முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறும். மயிரும் சதையும் நீக்கி, கழுவி, பட்டைத் தொட்டியில் இடுவார்கள். நாட்கணக்கில் புரட்டிப் புரட்டி, புதுப் பட்டைச்சாறு மாற்றுவார்கள். ஆவாரை மானாவாரி நிலத்தில் தானே வளரும் புதர். கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே மஞ்சள் பூச்செடிதான். அதன் பட்டை தோலுக்கு மென்மை தரும். ஆனால் வெயில் பட்டால் தோல் சிவந்துவிடும். அதைத் தடுக்க இறுதியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கினார்கள். கடுக்காய் ஏறிய தோல் வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். கப்பலேறிய தோலின் மதிப்பு பெரிதும் இந்தக் கடைசிக் கைப்பக்குவத்தில் இருந்தது.

துறைமுகச் சுவர்கள் எழும்முன் சரக்கு மசூலாப் படகுகளில் அலை கடந்து கப்பலை அடைந்தது. கட்டிவந்த சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பின்னர் அப்பாதை நீண்டபோது ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரைத் தோல் ஊர்கள் கடற்கரையோடு இணைந்தன. அங்குள்ள தமிழ் முஸ்லிம் வணிகர்களே தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களை நடத்தினார்கள். சென்னையில் பெரியமேடு தோல் மண்டியாக வளர்ந்தது. மாதவரத்திலும் பதனிடும் தொழில் பரவியது.

மிகுதியான பதிவுகள் கிடைப்பது முதல் உலகப் போர்க் காலத்துக்கு. போருக்கு முன் ஏற்றுமதியான இந்தியப் பச்சைத்தோலில் (பதனிடாத தோலில்) பெரும்பங்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சென்றது. போரில் அந்த வழி அடைபட்டது. படைவீரர் பூட்ஸுக்குச் சென்னைக் கிப் தோல் தேவைப்பட்டதால் 1916இல் அரசே கொள்முதலைக் கையில் எடுத்தது. 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி வந்தது. பேரரசுக்குள் பதனிடும் தோலுக்கு அதில் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி. இந்தச் சலுகை சென்னைப் பதனிடுவோருக்குத் துணையா, லண்டன் பட்டறைகளுக்கா என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. 1923இல் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது.

ஆவாரம்பட்டை போதாமற்போக, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளும் கடல் கடந்தே வந்தது. நீலகிரியில் வாட்டில் மரம் நடப்பட்டது.

ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னைக் கலைப்பள்ளியில், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறையைச் சோதித்தார். குரோம்பேட்டையின் பெயர் அம்முறையில் இயங்கிய தொழிற்சாலையின் நினைவு. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் அமைந்தது.

தோல் ஏற்றுமதி குறித்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முடித்த பொருள்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. தோல் கழிவால் பாலாறு மாசுபட்டது குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் பட்டை முறை இன்னும் இருக்கிறது. 2025–26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை வெட் புளூ தோல் (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரியையும், கிரஸ்ட் தோல் (பதனிட்டு உலர்த்திய, மெருகேற்றாத தோல்) மீதான 20 விழுக்காடு ஏற்றுமதி வரியையும் நீக்கியது.