தோம்பிற் பதிந்த கிறித்தவர்

கிறித்தவர் யார் என்ற வினா இறையியலாருக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் அது நிலத்தோடும் உத்தியோகத்தோடும் பிணைந்திருந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்கராக்கப்பட்டோரைத் தமது சீர்திருத்தத் திருச்சபையிற் சேர்த்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே விளம்பினர். பள்ளிக்கூடத் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. பதிவில்லா விவாகத்திற் பிறந்த பிள்ளையின் முதுச உரிமை கேள்விக்குள்ளாகும். முதலியார் பதவியும் கிட்டாது. எனவே வேளாள நிலவுடைமையாளர் ஞானஸ்நானம் பெற்றமையை மனமாற்றம் என்று கொள்வதும் வெறுங் கபடம் என்று இகழ்வதும் ஒருங்கே தவறாகும். அவர்களுக்கு அது ஓர் உறுதிச்சாதனம்.

இதனை ஒல்லாந்தக் குருமாரும் அறிந்திருந்தனர். எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலில் தரும் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கின்படி, யாழ்ப்பாணத்திற் பதிவு பெற்ற கிறித்தவர் 1,82,226 பேர். திருச்சபையின் முழு அங்கத்தவர் 64 பேர்! கம்பனிக்குத் தலைக்கணக்குப் போதுமானதாயிருந்தது. திருவிருந்துக்கு வேறு அளவுகோல் வைக்கப்பட்டது. 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகளை மறைத்துப் பேணிய கத்தோலிக்கருட் பலரும் இதே தோம்பில் சீர்திருத்தச் சபையினராகப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சாது விசுவாசத்தைக் காத்தோர், அரசின் கணக்கில் வேறொரு சபையின் கிறித்தவர்.

ஞானஸ்நானம் உற்பத்தி உறவுகளைத் தீண்டவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை நளவர், பள்ளர் முதலானோர் மீதான அடிமை உரிமையைச் சட்டமாகவே ஏற்றது. தோம்பிலே பெயர் பதித்த எசமான் எசமானாகவே இருந்தான்.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கட்டாயம் தளர்ந்ததும் பதிவும் கரைந்தது. 1806இல் இங்கு வந்த குளோடியஸ் புக்கனன் கண்டவை பெரும்பாலும் பாழடைந்த தேவாலயங்களே.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார், தோம்பை விடுத்து அகமாற்றத்துக்குச் சான்று கேட்டனர். ஆயினும் 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியின் ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு வழிதிறந்தது. பயில வந்தோரில் விசுவாசத்தை நாடியவர் யார், உத்தியோகத்தை நாடியவர் யார் என்பதை மிஷனாலேயே பிரித்தறிய இயலவில்லை. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு இவ்வாங்கிலக் கல்வியைக் குறை கண்டது. செமினறியும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.