மதிப்பெண் கூட்டும் கணக்கு

வெள்ளிவிழா மலர் என்றால் சங்கம் தோன்றிய கதையும், உழைத்தோர் பெயரும், பட்டம் பெற்றோர் பட்டியலும் இடம்பெறுதல் மரபு. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது, அத்தகைய பட்டியலில் ஏறியோரையும் ஏறாது நின்றுபோனோரையும் பிரித்து வைத்த ஒரு கணக்கின் வரலாறு. மதிப்பெண் எவ்வாறு கூட்டப்படுகிறது என்பதே அது. விடைத்தாளில் மாணவன் எழுதுவது ஒன்று. சான்றிதழில் அச்சாகி வருவது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே யாரோ அமர்ந்து, இதற்கு இவ்வளவு எடை, அதற்கு அவ்வளவு எடை என்று முடிவு செய்திருக்கின்றனர். அம்முடிவை நம் மக்கள் பெரும்பாலும் தலையெழுத்தைப் போலவே ஏற்றுக்கொண்டுவிட்டனர்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் 750-க்கு 282 பெற்றுத் தேறினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் குறைவு. அவரே 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிந்நாளைய சேர்க்கை விதிகள் பலவற்றின்முன் அந்த 282 நின்றிருக்குமா என்பதை இளைஞர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இக்கணக்கு நீதிமன்றம் ஏறிய கதை ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்நாளில் மொத்தம் 275 மதிப்பெண் வைத்திருந்தனர். அவற்றுள் 200 தேர்விலிருந்து வரும். 75 நேர்காணலிலிருந்து வரும். பெரியகருப்பன் என்பார் தமிழ்நாடு அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1970-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், 275-இல் 75-ஐ நேர்காணலுக்கு ஒதுக்குவது மேலெழுந்த பார்வையிலேயே மிகை என்று கூறியது. அந்த 75 என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மேலூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து வரும் ஒரு மாணவன் தேர்வில் 150 பெறுகிறான்; நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறி 20 பெறுகிறான்; மொத்தம் 170. நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை தேர்வில் 125-ம் நேர்காணலில் 55-ம் பெற்று 180-இல் நிற்கிறான். தேர்வில் இருபத்தைந்து முந்தியவன் முடிவில் பத்துப் பிந்திப்போகிறான். இத்தனைக்கும் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

பத்தாண்டு கழித்து, 1980-இல், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் இதே வினா மீண்டும் எழுந்தது. அங்கே 150-க்கு 50 நேர்காணலுக்கு உரியது. நேர்காணல் ஒருவருக்கு இரண்டு மூன்று மணித்துளிக்கு மேல் நீடிக்கவில்லை என்றும், தந்தை யார், ஊர் எது என்பன போன்றவற்றையே கேட்டனர் என்றும் வழக்குத் தொடுத்தோர் முறையிட்டனர். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தான்தோன்றித்தனமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் கேட்டால் வேறு எது தெரியவரும் என்பதை நம் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மதுரையில் இக்கணக்கு வேறொரு வழியாகப் புகுந்தது. 1978-இல் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றன. ஆண்டு முடிவில் ஒரே தேர்வு என்ற பழைய முறை மாறி, பருவத் தேர்வும் அகமதிப்பீடும் வேரூன்றலாயின. பின்னர்ப் பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டிற்கு 25, பருவத் தேர்விற்கு 75 என்ற பங்கீடு வழக்கமாயிற்று. நேர்காணல் மதிப்பெண்ணைக் கண்டு அஞ்சிய நம் பெற்றோர், ஆசிரியர் கையிலுள்ள இந்த 25-ஐயும் ஐயத்தோடுதான் நோக்கினர். அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் காய்ச்சலால் ஓராண்டு உழைப்பை இழந்தோருக்கு அகமதிப்பீடு துணை நின்றதும் உண்டு. எடை எவ்வளவு என்பதைவிட, எதற்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்று மாணவன் அறிய முடிகிறதா என்பதே நமக்குப் பெரிய வினாவாகத் தோன்றுகிறது.

தொழிற்கல்விக்கு 1984-இல் வந்த நுழைவுத் தேர்வு, மேனிலைத் தேர்விற்கு 200, நுழைவுத் தேர்விற்கு 100 எனக் கூட்டியது. தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்து அதனை நீக்கிற்று. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற 'கட்-ஆஃப்' கணக்கை நம் இளைஞர்கள் நன்கறிவர்.

அவ்வளவாக ஆராயப்படாதது, பெருந்தொற்றுக் காலக் கணக்கு. 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவிற்கு 20 விழுக்காடு என்று அரசு அறிவித்தது. தேர்வு கைவிடப்பட்டது நம் பிள்ளைகளின் உயிர் காத்த நற்செயல். ஆனால் காலாண்டுத் தேர்வு எழுதியபோது அதுவே சான்றிதழில் ஏறும் என்று எந்தப் பிள்ளையும் அறிந்திருக்கவில்லை. வருகைப் பதிவோ, நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலுக்குப் போகும் பிள்ளையை வகுப்பில் இல்லாதவனாகவே காட்டும். அவன் எங்கிருந்தான் என்று சொல்லாது.

அடுத்த ஆண்டு, 2021-இல், மேனிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வும் கைவிடப்பட்டது. எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோருக்கு மதிப்பெண் வழங்கியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினோராம் வகுப்பிற்கு 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்விற்கும் அகமதிப்பீட்டிற்கும் 30 விழுக்காடு என வகுத்தனர். இரு மாணவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன் பத்தாம் வகுப்பில் 90, பதினொன்றில் 50, பன்னிரண்டில் 30-க்கு 26. இவன் பெறுவது 45, 10, 26, ஆக 81. மற்றவன் பத்தாம் வகுப்பில் 56; பின் விழித்தெழுந்து பதினொன்றில் 85; பன்னிரண்டில் 28. இவன் பெறுவது 28, 17, 28; ஆக 73. மேலேறிக்கொண்டிருந்தவன் கீழே நிற்கிறான். வீட்டில் எழுத்தறிந்தார் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுள் பலர் பிந்தி மலர்பவர் என்பது மாலை வகுப்பு நடத்திய எவருக்கும் தெரியும். நிறைவு பெறாதோர் பின்னர்த் தேர்வெழுதலாம் என்று வழி விட்டிருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்விதிகளுள் நாம் பெரிதும் மதிப்பது வேறொன்று. பதினோராம் வகுப்பில் ஒரு தேர்வை எழுத இயலாது போனவனுக்கு அவ்விடத்தில் சுழியம் இடாமல் 35 விழுக்காடு இட்டனர். வெற்றிடம் வேறு, சுழியம் வேறு என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது.

இன்று அந்த வேறுபாடு இயங்கலைக் கற்றல் தளங்களுக்குள் புகுந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டுகியாமஸ் உருவாக்கி 2002-இல் முதற்பதிப்பு வெளிவந்த 'மூடுல்' அத்தகையது. கல்லூரிகள் பல அதனைப் பயன்படுத்துகின்றன. அதன் மதிப்பெண் ஏட்டில் கூட்டும் முறையை ஆசிரியரே அமைக்க வேண்டும். அமைக்காது விட்டால், ஒவ்வொன்றும் தன் முழு மதிப்பெண்ணின் அளவிற்கே எடை பெறும். பத்து மதிப்பெண் சிறுதேர்வு ஒன்றும் நூறு மதிப்பெண் ஒப்படைப்பு ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். சிறுதேர்வில் 10-ம் ஒப்படைப்பில் 40-ம் பெற்றவன் 110-க்கு 50, அதாவது ஏறத்தாழ 45 விழுக்காடு பெறுவான். இரண்டிற்கும் ஒத்த எடை என்று ஆசிரியர் அமைத்திருந்தால் 70 விழுக்காடு பெறுவான். மாணவன் அவனே, விடைகளும் அவையே.

வெற்றுக் கட்டங்களைக் கணக்கிலிருந்து விலக்குக என்ற குறியீடும் அதில் உண்டு. ஐந்து ஒப்படைப்புகளுள் மூன்றை மட்டும் தந்து 80, 70, 90 பெற்ற மாணவியை எண்ணுவோம். குறியீடு இருந்தால் அவள் சராசரி 80, எடுத்துவிட்டால் 48. வீட்டிலிருந்த ஒரே கைபேசியை அண்ணன் வேலைக்குக் கொண்டுபோனதால் மற்ற இரண்டையும் அனுப்ப முடியாதவளாக அவள் இருக்கலாம், சோம்பியிருந்தவளாகவும் இருக்கலாம். கணினி இதனை அறியாது. அனைவருக்கும் குறியீட்டை இட்டுவிட்டால் ஒன்றை மட்டும் எழுதித் தந்து தப்புவோரும் உளர். ஆகவே குறியீட்டை எடுத்துவிட்டு, உண்மைக் காரணம் உள்ள மாணவிக்கு மட்டும் அந்த இரு கட்டங்களையும் தனியே விலக்குவதே முறை எனக் கருதுகிறோம். ஒரு மாணவர்க்கு உரிய ஒரு மதிப்பெண்ணை மட்டும் விலக்கவும் அந்த ஏட்டிலே இடமுண்டு. அதற்கு ஆசிரியர் அவளை அழைத்து ஒரு சொல் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுள் ஆசிரியர் பணி ஏற்றோர் இன்று பலர். அவர்களுக்கே இதனை முதலில் சொல்கிறோம்.

மாணவர்கள் தம் கணக்கில் நுழைந்து பயனர் அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு தேர்வின் எடையும், மொத்தத்தில் அதன் பங்கும் தனித்தனி நிரலாகத் தெரியும். அந்நிரல்களை ஆசிரியர் மறைத்தும் வைக்கலாம். காணவில்லையெனில், பருவம் முடியுமுன் சென்று திறந்துவிடுமாறு கேட்கலாம்.