ஒரே பனிப்புயல்... ஆளுக்கொரு கணிப்பு! வானிலை மாடல்களில் எதை நம்புவது?

நியூயார்க், 2015 ஜனவரி 26. "வரலாறு காணாத பனிப்புயல் வரலாம்" என நகரமே உஷார் ஆனது. சாலைகளில் வாகனங்களுக்குத் தடை. சுரங்க ரயில் சேவையும் பயணிகளுக்கு நிறுத்தப்பட்டது. பனிப்பொழிவுக்காக அப்படி நிறுத்தியது அதுவே முதல் முறை.

எதிர்பார்க்கப்பட்டது 20 முதல் 30 அங்குலம் பனி. சென்ட்ரல் பார்க்கில் பதிவானதோ 9.8 அங்குலம்தான்! என்ன நடந்தது?

மாடல் என்றால் என்ன?

காற்று, வெப்பம், ஈரப்பதம் எப்படி மாறும் என்பதை சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள்தான் வானிலை மாடல். இதில் இரண்டு பெயர்கள் பிரபலம். ஒன்று, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மற்றொன்று, ஐரோப்பிய மையத்தின் இ.சி.எம்.டபிள்யூ.எஃப். நம்ம ஊர் புயல் சமயத்தில் வானிலை ஆர்வலர்கள் பகிரும் வரைபடங்களிலும் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஏன் வேறுபடுகின்றன?

செயற்கைக்கோள், பலூன், விமானம், கடல் மிதவை எனத் தரவு வரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அந்தத் தரவைச் சேர்க்கும் முறை வேறு. மேகம் உருவாவதைக் கணக்கிடும் விதமும் வேறு. தொடக்கத்தில் வரும் சின்ன வித்தியாசம், நாலைந்து நாளில் பெரிய வித்தியாசமாக வளர்ந்துவிடும்.

2015-ல் என்ன ஆச்சு?

ஐரோப்பிய மாடல், நியூயார்க்கில் கொட்டித் தீர்க்கும் என்றது. ஜி.எஃப்.எஸ், புயல் கிழக்கே விலகும், நகரத்துக்கு பனி குறைவு என்றது. 2012-ல் சாண்டி புயல் அமெரிக்கக் கரைப்பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டியே காட்டியது ஐரோப்பிய மாடல்தான். அதனால் அதற்கு மவுசு அதிகம். ஆனால் இந்த முறை புயல் கிழக்கேதான் போனது.

அப்போ கணிப்பு மொத்தமும் தப்பா? இல்லை. பாஸ்டனில் சுமார் 2 அடி பனி கொட்டியது. லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியும் பனியில் மூழ்கியது. நியூயார்க் நகரம் புயலின் மேற்கு ஓரத்தில் இருந்ததுதான் சிக்கல். அந்த இடத்தில் புயல் பாதை கொஞ்சம் நகர்ந்தாலே கதை மாறிவிடும். அதிலும் 1 அங்குல மழைக்குரிய நீர், சராசரியாக 10 அங்குலப் பனியாகும். எனவே சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

நிபுணர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒரே கணிப்பை நம்புவதில்லை. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய மையம் இப்படி 51 கணிப்புகள் எடுக்கிறது. பெரும்பாலானவை ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சிதறிக் கிடந்தால், "உறுதியில்லை" என்று அர்த்தம்.

நாம் கவனிக்க வேண்டியது

* ஒரே ஒரு வரைபடத்தைப் பார்த்து பதற வேண்டாம்.
* மாடல்கள் ஒத்துப்போகிறதா எனப் பாருங்கள்.
* "எவ்வளவு பனி?" என்பதோடு, "எவ்வளவு வாய்ப்பு?" என்றும் கேளுங்கள்.
* போன முறை ஜெயித்த மாடலே இந்த முறையும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.
* அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வந்தால், அலட்சியம் வேண்டாம். நியூயார்க்கில் தப்பிய பனிதான் பாஸ்டனில் கொட்டியது!