கண்டியைக் காணாதவர்களின் கண்டி

சென்னைக்குப் பாட்டு உண்டு. 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்துப் பாடும் பாட்டை அறியாத தமிழர் குறைவு. ஓர் ஊரின் பெயர் பாட்டில் வந்தால், பாடியவன் அந்த ஊரைப் பார்த்திருப்பான் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். நான் எழுத வந்தது, பாடியவர்களில் பலர் ஒருநாளும் கண்ணால் காணாத ஒரு நகரத்தைப் பற்றி.

என் அப்பாயி கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பால்வெட்டி, அங்கேயே காலமானவர். தாலாட்டானாலும் ஒப்பாரியானாலும் அவர் வாயில் வரும் ஊர்ப்பெயர் கண்டி ஒன்றுதான். கண்டிக்கு வந்து கெட்டது, கண்டியில் தாயைப் பிரிந்தது, கண்டிக் கங்காணி ஏமாற்றியது என்று அடிக்கு அடி கண்டி வரும். நான் கேட்டு வளர்ந்த அந்தப் பாட்டுகளில் எட்டியாந்தோட்டை வந்ததில்லை. கேகாலை வந்ததில்லை. அவிசாவளைக்கு அப்பால் இருந்த இரத்தினபுரியும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பேராதனையில் கலைமாணிப் படிப்பில் இருந்தபோது, ஒரு விடுமுறையில் அப்பாயியைக் கண்டிக்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது கடந்திருந்தது. தலதா மாளிகையின் முன்னால் நின்றோம். வாவியைச் சுற்றி மெல்ல நடந்தோம். ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும், "ஏஞ் சாமி, கண்டி எப்ப வரும்?" என்று கேட்டார். இதுதான் கண்டி என்றேன். சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது டவுனுல்ல?" என்றார்.

அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கேள்வியில் இருந்த நியாயம், பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, மலையகத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளையும், பின்னர் சாரல் நாடனின் ஆய்வுகளையும் ஊன்றிப் படித்த பிறகே எனக்குப் புரியத் தொடங்கியது. பிறந்த ஊரையும் பனந்தோப்பையும் இழந்து, கண்டியில் பெற்ற தாயை மறந்துபோனதாகப் புலம்பும் பாட்டு, மலையகப் பாடல்களிலேயே அதிகம் எடுத்தாளப்படுவது. அந்தக் கண்டியில் தலதா மாளிகையும் இல்லை, வாவியும் இல்லை. காடு வெட்டிய மலை, கங்காணி, துரை, மழை, அட்டை ஆகியவையே அங்கு உள்ளன. அதாவது, கடலுக்கு இந்தப் பக்கம் தோட்டம் இருந்த இடமெல்லாம் கண்டி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கூலி ஆட்கள் புறப்படுவதற்கு முன்னரே கண்டி என்ற பெயர் தமிழகத்துக்குப் பழகியிருந்தது. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் நாயக்க வழியினர். மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தவர்கள். 1815இல் பிடிபட்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அரசன் அந்தத் திசையில் போய்ப் பத்து ஆண்டுகள் ஆவதற்குள், கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டு, புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் எதிர்த்திசையில் வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கண்டி மலைகள். அந்த முதல் தலைமுறை பாட்டில் வைத்த பெயரைப் பின்னால் வந்தவர்கள் மாற்றவில்லை.

இங்கே சப்ரகமுவக்காரனான எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. 1815க்கு முன்னர் சப்ரகமுவவும், இன்றைய கேகாலை மாவட்டத்தில் அடங்கும் நாலு கோறளை, மூன்று கோறளைப் பகுதிகளும் கண்டி இராச்சியத்தின் திசாவைகளாகவே இருந்தன. ஆங்கிலேயர் 1833இல் தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது பழைய கண்டி இராச்சியம் துண்டு துண்டாகப் போயிற்று. சப்ரகமுவ என்று தனி மாகாணம் ஏற்பட்டது 1889இல். ஆக, எட்டியாந்தோட்டையிலிருந்து கொண்டு அதைக் கண்டி என்று பாடிய அப்பாயி ஒரு வகையில் பழைய வரைபடத்தைப் பாடிக்கொண்டிருந்தார். எழுத்தறியாத அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பாட்டுக்குத் தெரிந்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் இந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சப்ரகமுவத் தோட்டங்கள் தமக்கென்று ஏன் ஒரு பாட்டை உண்டாக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. என் கணிப்பில் இதற்கு இறப்பர் ஒரு முக்கிய காரணம். பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் தேயிலை உண்டு என்றாலும், தாழ்ந்த பகுதிகளில் இறப்பரே பெரும் பயிர். 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அந்த மரம் களனிவெளியெங்கும் பரவியது. தேயிலைக் கொழுந்து நிரை பிடித்து எடுக்கும் வேலை. பத்துப் பெண்கள் பக்கம் பக்கமாக நிற்பார்கள்; ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மற்றவள் பின்பாட்டு. பால்வெட்டோ தனி ஆள் வேலை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், கத்தியும் வாளியுமாகத் தன் பங்கு மரங்களிடம் தனியே செல்ல வேண்டும். பட்டையைச் சீவி, சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். இருட்டில், பாம்புக்கும் அட்டைக்கும் அஞ்சிக்கொண்டு, யாருடன் பாடுவது? அதனால் வீட்டுப் பாட்டுகளான தாலாட்டும் ஒப்பாரியும் எங்களிடம் தங்கின. அவை பழைய ஊர்ப்பெயரையே சுமந்து வந்தன. களத்துப் பாட்டு புதிதாகப் பிறக்கவில்லை.

எழுதப்பட்ட பாட்டுகளின் கதை வேறு. ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. அது துரைமார் பக்கம் நின்று தொழில் கற்பிக்கும் கும்மி. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது வேடிக்கை. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1940இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் தலைப்பு 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. தோட்டந்தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடியவர் அவர். அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். இந்தியர், இலங்கை என்னும் இரண்டு சொற்களும் சட்டசபையில் அடிபட்ட சொற்கள். லயத்தில் கண்டி என்று அழுதவர்களை, நாட்டின் பெயரைச் சொல்லி உரிமை கேட்கும்படி அந்தப் பாட்டுகள் அழைத்தன. எட்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த இலங்கையைப் பறித்தது.

பாட்டு இல்லை என்பதால் பற்று இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தை அரசு கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் வெளியேற மறுத்தனர். சுற்றியிருந்த தோட்டங்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கின. உருளவள்ளி என்ற பெயரைச் சொல்லும்போது என் தந்தையாரின் குரல் சற்றே உயரும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். தங்கிவிட்டவர்களில் பலரை 1977 ஆகஸ்டும் 1981 ஆகஸ்டும் பெயர்த்தன. 1981இல் காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது எனக்குப் பதினோரு வயது. அந்த வாரம் முழுவதும் எங்கள் லயத்தில் இரவில் விளக்கேற்றவில்லை. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் போக, எஞ்சியவர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடக்கின்றனர். பின்னாளில் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் மலையகச் செய்திப் பக்கம் என்றால் அட்டனும் நுவரெலியாவும்தான். இரத்தினபுரிச் செய்தியை எந்தப் பக்கத்தில் போடுவது என்று ஆசிரியபீடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விவாதம் நடக்கும். பெரும்பாலும் இடமில்லை என்று அது முடிந்துவிடும்.

அப்பாயியின் தம்பி 1978இல் இந்தியா போனவர். பால்வெட்டத் தெரிந்த கை என்பதால், தாயகம் திரும்பியோருக்காக 1976இல் தொடங்கப்பட்ட புனலூர் இறப்பர்த் தோட்ட நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தமிழ்நாட்டுக்காரர் என்று அனுப்பப்பட்டவர் கேரளத்தில், குளத்துப்புழையில் போய் அதே மரத்தின் முன் அதே கத்தியோடு நின்றார். 2004இல் அவரைத் தேடிப் போனேன். அந்த வட்டாரத்தில் அவர்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர். அப்பாயி காலமான செய்தியைக் கடிதத்தில் முன்னரே அறிந்திருந்தும், என்னைக் கண்டதும் புதிதாக அழுதார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அக்காள் பாடுவது என்று சொல்லிக் கொஞ்சம் பாடினார். குரல் தேய்ந்திருந்தது. கண்டி மட்டும் தெளிவாகக் கேட்டது.

மலையாளப் பள்ளியில் படிக்கும் பேரன் ஒருவன் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். புனலூர் இணைய நிலையத்தில் அச்சிட்டு எடுத்த படம்: கண்டி வாவியும் மாளிகையும். "தாத்தா ஊர்" என்றான். கிழவர் அதை வாங்கி விளக்கருகே பிடித்து, முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டு, மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.